ஜுலைகா அக்கா தந்த ஆட்சேப மனு

ஆட்சேபம் தெரிவிப்பவர் பெயர் என்ற இடத்தில் ஜுலைகா பீவி என்று இருந்தது. யாருடைய பெயரை நீக்க வேண்டும் என்ற இடத்திலும் ஜுலைகா பீவி என்றே இருந்தது.

வாக்காளர் பதிவு அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுத்து மாறவில்லை.

"ரெண்டு பேரும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

"வந்திருக்கோம் சார்" என்றார் ஜுலைகா அக்கா.

அதிகாரி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் நான் நின்றேன். என்னைப் பார்த்து யாரும் ஜுலைகா பீவி என்று நினைக்க வாய்ப்பில்லை. எனக்கு மீசை உண்டு.

வெளியே கடற்காற்று ஜன்னல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. அறைக்குள் மின்விசிறி சுற்றுவதாகச் சத்தம் மட்டும் போட்டது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் பெயர் சேர்க்கச் சொல்லி நின்றவர்கள் ஒரு இருபது பேர் இருக்கும். பெயரை எடுக்கச் சொல்லி, அதுவும் தன் பெயரை எடுக்கச் சொல்லி நின்றவர் இவர் ஒருவர்தான்.

நான் வாழ்க்கையில் பெரிய மனிதர்கள் பலரைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். அவர்கள் முன்னால் கைகட்டி நின்றதெல்லாம் வேலை ஆக வேண்டும் என்பதற்காக. என் கை தானாகக் கட்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

தெருவிளக்குக்கு மட்டும் வராத தேர்தல்

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். உள்ளூர்க்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், அவர்கள் எப்படியும் தாண்டித்தான் போவார்கள்.

புதுச்சேரியில் கடைசியாக நகராட்சித் தேர்தல் நடந்தபோது நான் அரைக்கால் சட்டை போட்டிருந்தேன். அடுத்தது நடக்கப் போகிறது என்று பேச்சு வந்தபோது எனக்குத் தலை நரைத்து, நரைத்ததற்குச் சாயம் பூசி, சாயமும் அலுத்துவிட்டிருந்தது. நடுவில் ஒரு தலைமுறைக்கு மேல் ஓடிவிட்டது. பாராளுமன்றத்துக்குத் தேர்தல் வரும். சட்டமன்றத்துக்கு வரும், சில சமயம் தேவைக்கு மேலேயே வரும். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மட்டும் வராது. நகராட்சியைத் தனி அதிகாரி ஒருவர் ஆண்டுகொண்டிருப்பார். அவர் மாறுவார், இன்னொருவர் வருவார். அவருக்கும் நம் தெரு எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுப்பதற்குள் அவரும் மாறிவிடுவார்.

வயதானவர்கள் அந்த அலுவலகத்தை இன்னும் பிரெஞ்சில் 'மேரி' என்றுதான் சொல்வார்கள். மேரி இருந்தது. அதில் உட்கார வேண்டிய மேயர் இல்லை.

இதை மாற்ற வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் எல்லாம் வேறு, பெரியவர்கள். நாங்கள் சிறியவர்கள் ஒரு குழு வைத்திருந்தோம். எந்தக் கட்சியும் சாராத குழு. அதன் பெயரை இங்கே எழுதவில்லை, காரணம் அது குழுவைவிட நீளமானது. பெயர் வைப்பதிலேயே இரண்டு கூட்டம் போயிற்று. மனு எழுதுவது, ஊர்வலம் போகாமலேயே ஊர்வலம் போன மாதிரி களைத்துப்போவது, வாக்காளர் பட்டியலில் தப்பு கண்டுபிடிப்பது, இவைதான் எங்கள் வேலைகள்.

நான் அப்போது ஒரு டுடோரியல் கல்லூரியில், பள்ளிக்கூடம் கைவிட்டவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தோற்றவர்களோடு பழகிய அனுபவம் இருந்ததால் என்னையே குழுச் செயலாளர் ஆக்கினார்கள்.

பைண்டிங் கடையில் சேர்ந்த உறுப்பினர்

ஜுலைகா அக்கா குழுவில் சேர்ந்த கதை ஒரு பட்டியலில் ஆரம்பித்தது.

முல்லா வீதிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு பைண்டிங் கடை. பள்ளிக்கூட நோட்டு, கடைப் பதிவேடு, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு எல்லாவற்றுக்கும் அங்கேதான் அட்டை போடுவார்கள். வாக்காளர் பட்டியலின் நகலை ஒரு கட்டு கொண்டுபோய், கெட்டி அட்டை போட்டுக் கொடுங்கள் என்றேன். மூன்று நாள் கழித்துப் போனால் அட்டை தயார். கூடவே ஒரு துண்டுச் சீட்டும்.

"என்ன இது?"

"தைக்கறப்ப கண்ணுல பட்டுது தம்பி. இந்த வூட்டு நம்பர்ல பதினாலு பேரு இருக்காங்களாம். அந்த வூட்ட எனக்குத் தெரியும். பதினாலு பேரு நிக்கணும்னா பாதிப் பேரு ரோட்டுலதான் நிக்கணும்."

சீட்டில் அப்படி முப்பது இடங்கள் குறித்திருந்தார். நாங்கள் ஐந்து பேர் ஒரு மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்தது எட்டு. அன்றைக்கே அவரை உறுப்பினராக்கிவிட்டேன். அதில் கொஞ்சம் சுயநலமும் இருந்தது. அட்டைக்குக் கூலி வாங்கமாட்டார் என்று நினைத்தேன். வாங்கினார்.

"குழு வேற, கடை வேற தம்பி" என்றார்.

அவருக்கு அப்போது ஐம்பதைத் தொட்டிருக்கும். கணவர் இல்லை. மகன் வெளியூரில். கடையின் முன்னால் ஒரு சாக்கடை. மழை பெய்தால் அது கடைக்குள் வந்து, கீழ்த்தட்டில் இருக்கும் காகிதக் கட்டுகளைப் பார்த்துவிட்டுப் போகும். அதற்காக அவர் மேரிக்கு எழுதிய மனுக்களின் நகல்களைத் தானே தைத்து, தானே அட்டை போட்டு வைத்திருந்தார். நல்ல தடிமன். முதுகில் தங்க எழுத்து மட்டும்தான் பாக்கி.

"எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்ல தம்பி" என்று ஒருநாள் சொன்னார். "எங்க வார்டுக்குன்னு ஒரு ஆளு வேணும். நான் ஓட்டுப் போட்டு வந்த ஆளு. தண்ணி உள்ள வந்தா நேரா அவுரு வாசல்ல போயி நிப்பேன். 'வா, வந்து பாரு'ன்னு கூப்பிடுவேன். ஓட்டுப் போட்டவ கூப்பிட்டா வந்துதானே ஆவணும்? இந்த வயசுக்கும் ஒரு தடவ கூட அப்படி ஒரு ஓட்டு போட்டதில்ல."

தண்ணீருக்குக் கட்சி இல்லை

எங்கள் குழு வீடு வீடாகப் போய்ப் பட்டியலைச் சரிபார்க்கும். அதற்கு விதிமுறைகள் நான்தான் எழுதினேன். விதி எழுதுவதில் எனக்கு ஒரு போதை உண்டு, என் வீட்டில் யாரும் நான் எழுதிய விதிகளைப் பின்பற்றுவதில்லை என்பதால்.

போகும் வீட்டில் எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்பது ஒரு விதி. நடுநிலைமைக்குப் பங்கம் வந்துவிடுமாம். வைத்திக்குப்பத்தில் நல்ல வெயில் நேரம், மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஓர் அம்மாள் சொம்பில் தண்ணீர் நீட்டினார். நான் விதியைச் சொன்னேன்.

"ஏன், எங்க வூட்டுத் தண்ணி உனுக்கு ஆவாதா?" என்றார் அந்த அம்மாள். கையில் மீன் அரியும் கத்தி இருந்தது. அது சும்மா இருந்ததுதான், ஆனாலும் இருந்தது.

ஜுலைகா அக்கா சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தார். "தண்ணிக்குக் கட்சி கெடயாது. டீன்னா வேணாம்பேன்" என்றார். அன்று மாலையே விதி திருத்தப்பட்டது.

அவருடைய விதி வேறு மாதிரி. யாருடைய பெயரை எடுக்கச் சொல்லி எழுதுவதானாலும், காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை என்று மூன்று வேளை போய்க் கதவைத் தட்ட வேண்டும். "பேர எழுதறது பேனா வேல. பேர எடுக்கறதுக்குக் காலு வலிக்கணும்" என்பார்.

என் பிரெஞ்சுப் புலமை

நீதிமன்றம் சொல்லி, அரசாங்கம் அசைந்து, தேர்தல் வருவது உறுதியாகி, வரைவுப் பட்டியல் வெளியிட்டார்கள். அப்போதுதான் நான் இன்னொரு விதி எழுதினேன். ஊரைச் சரிபார்க்கும் முன் நம்மை நாமே சரிபார்க்க வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பிறப்பு, இருப்பிடம், குடியுரிமை மூன்றுக்கும் இன்னொரு உறுப்பினரிடம் ஆவணம் காட்ட வேண்டும். கூட்டத்தில் இதைப் படித்தபோது கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. நல்ல ஞாபகமாக இல்லை.

அக்காவைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கும் வரதராசுவுக்கும். வரதராசு தவளக்குப்பம் பக்கத்து விவசாயக் குடும்பம். டவுனில் மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து நேரே கடைக்கு வந்திருந்தார்.

அக்கா ஒரு பழைய காகிதக் கட்டை எடுத்து வைத்தார். அவருடைய அத்தா, அதாவது அப்பா, அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வியட்நாமில், சைகோனில் ஜவுளி வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பியவர். அக்கா சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். அவருடைய காகிதங்கள் எல்லாம் பிரெஞ்சில். அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியாது. தொழில் கற்ற புதிதில், கிழிந்துபோகாமல் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கித் தைத்து அட்டை போட்டிருந்தார்.

"படிக்கத் தெரியாம தச்சீங்களா?" என்றார் வரதராசு.

"தைக்கறவளுக்கு ஓரம் தெரிஞ்சா போதும்."

எனக்குப் பிரெஞ்சு தெரியும். அதாவது, மாலை வகுப்பில் இரண்டாம் நிலை வரை போய், மூன்றாம் நிலை என்னை வேண்டாம் என்றது. இருந்தாலும் தெரியாதவர்கள் நடுவில் நான் பண்டிதன். ஒவ்வொரு காகிதமாகப் புரட்டி உரக்கப் படித்து, உரக்க மொழிபெயர்த்தேன். கப்பல் சீட்டு. கடை உரிமம். பிறகு, முத்திரை குத்திய ஒரு காகிதம்.

"கீழே கையொப்பமிடும் நான்..." என்று ஆரம்பித்தேன். "வியாபாரி... புதுச்சேரியில் வசிப்பவன்... பிரெஞ்சுக் குடிமகனாகவே நீடிக்க விரும்புகிறேன் என்று இதனால் அறிவிக்கிறேன்." ஒரு கடினமான வினைச்சொல்லைத் தப்பில்லாமல் தாண்டிய பெருமையில் நிமிர்ந்து பார்த்தேன். வரதராசு மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். "என்னுடைய வயது வராத பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்" என்று படித்து, பிள்ளைகள் பெயரை நல்ல உச்சரிப்போடு படித்தேன். இரண்டாவது பெயர், ஜுலைகா.

அதைச் சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று எனக்குப் புரிந்தது.

கடையில் பசை காய்ச்சுகிற சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. பூச்சி அரிக்காமலிருக்கத் துருசு கலந்த மைதா வாசனை. யாரும் அதை இறக்கி வைக்கவில்லை.

"மறுபடி படிங்க" என்றார் அக்கா.

படித்தேன்.

"இன்னொரு தடவ."

இந்த முறை என் உச்சரிப்பு மிக மோசமாகிவிட்டது.

விஷயம் இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை முறைப்படி எழுதிக் கொடுத்தபோது, இங்கே பிறந்தவர்கள் எல்லாரும் இந்தியர் ஆனார்கள். வேண்டாம், நான் பிரெஞ்சுக் குடியாகவே இருக்கிறேன் என்று நினைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். அப்பா எழுதிக் கொடுத்தால் சின்னப் பிள்ளைகளும் அவரோடு போய்விடுவார்கள். அக்காவின் அத்தா எழுதிக் கொடுத்திருக்கிறார். யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். சொல்ல நினைத்து, அதற்குள் காலம் முடிந்துவிட்டதோ என்னவோ.

புதையல்

முதலில் வாயைத் திறந்தவர் வரதராசு. "யக்கா, உங்களுக்கு அடிச்சுதுக்கா யோகம்."

அவர் சொன்னது தப்பில்லை. எங்கள் ஊரில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணுக்கு ஜாதகம் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்தான் பார்ப்பார்கள். தாத்தா பெயர் பழைய பதிவேட்டில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடிச் செருப்புத் தேய்ந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர். நானே என் தாத்தாவைத் தேடியிருக்கிறேன். அவர் ஏர் ஓட்டியவர். அவருக்குப் பிரான்சு மீது ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை, பிரான்சுக்கும் அவர் மீது.

"பேப்பர எடுத்துக்குனு போயி காட்டுனீங்கன்னா புள்ளைக்கும் கெடைக்கும், பேரனுக்கும் கெடைக்கும். இன்னாத்துக்குக்கா இப்புடி ஒக்காந்துகினு இருக்கீங்க?"

"அப்ப என் ஓட்டு?" என்றார் அக்கா.

வரதராசு என்னைப் பார்த்தார். நான் பசைச் சட்டியைப் பார்த்தேன்.

எங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் மறுநாள் காகிதத்தைக் காட்டினேன். செல்லும், இந்தியக் குடியல்லாதவருக்கு இங்கே ஓட்டு கிடையாது என்றார். இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போடலாம், வருடக்கணக்கில் ஆகும், தேர்தல் அதுவரை காத்திருக்காது என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இத்தனை வருஷம் பெட்டியில இருந்தது, இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுமே. யார் கேக்கப் போறா?" என்றார்.

அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விதிகள் எழுதிய கை, அந்தக் காகிதத்தை மடித்துக் கட்டின் அடியில் வைக்கத் துடித்தது. கடைக்குப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, இந்த ஒரு எலெக்ஷன் மட்டும். நீங்க இங்க பொறந்து, இங்க வளந்து, இங்கயே வரி கட்டறீங்க. உங்களுக்கு இல்லாத உரிமையா?"

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "போன வாரம் துபாய்ல இருக்கற பையன் பேர எடுக்க எழுதிக் குடுத்தமே, ஞாபகம் இருக்கா? அவங்க அம்மா அழுதுச்சே. 'ஒரே ஒரு தடவ லீவுல வந்து போட்டுட்டுப் போயிடுவான்'னுச்சே. நீங்க என்னா சொன்னீங்க?"

நான் சொன்னது நினைவிருந்தது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் அம்மா என்று, மேடையில் பேசுகிற குரலில் சொல்லியிருந்தேன்.

"அந்த அம்மாகிட்ட போயி, சும்மா சொன்னேன், அழுவாதீங்கன்னு சொல்லிட்டு வாங்க. அதுக்கப்பறம் நான் இத ஒளிச்சி வெக்கறேன்."

நான் போகவில்லை.

"இதுவரைக்கும் போட்ட ஓட்டெல்லாம் தெரியாம போட்டது" என்றார், நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே. "இனிமே போட்டா தெரிஞ்சி போட்டதாயிடும். அந்த ஓட்டுல ஜெயிச்சவரு வாசல்ல நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போயி நிக்கறது?"

ஊசி அட்டையில் இறங்கி ஏறியது. அவர் அழவில்லை. அன்று தைத்த நோட்டில் மட்டும் தையல் கோணலாக இருந்தது. அவரே பிரித்து மறுபடி தைத்தார்.

விசாரணை

இனி அந்த அறைக்குத் திரும்பலாம்.

"யாரும் உங்க மேல ஆட்சேபம் சொல்லலையேம்மா" என்றார் அதிகாரி. நல்ல மனிதர். இப்படி ஒரு மனுவை எந்தக் கோப்பில் வைப்பது என்ற கவலை அவருக்கு.

"நான் சொல்றேன் சார்."

"சரி, நீங்க சொல்றீங்க. அதுக்கு அவங்க பதில் சொல்லணும். அதான் முறை." சொல்லிவிட்டு, 'அவங்க' யார் என்று அவருக்கே நினைவு வந்தது.

"பதில் ஒண்ணும் இல்ல சார். அவங்க சொல்றது சரிதான்" என்றார் அக்கா.

பக்கத்து மேசை எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வரிசையில் யாரோ, "இன்னா கேசு இது?" என்று கேட்டார்கள்.

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். என் மொழிபெயர்ப்பைப் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். "யோசிச்சிட்டு நாளைக்கு வாங்களேன்" என்றார் மெதுவாக.

"இன்னிக்குத்தான் சார் கடைசி நாளு. நாளைக்கு வந்தா வாங்க மாட்டீங்க."

அவருக்கே அந்தத் தேதி தெரியாமல் இருந்திருக்காது. பேனாவைத் திறந்து எழுதினார். பெயரை நீக்கலாம் என்று எழுதியதை வாய்விட்டுப் படித்தார். எங்களோடு வந்து ஓரமாக நின்ற வரதராசு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மில்லில் வேலை செய்கிறவருக்குக் கண்ணில் தூசி விழுவது புதிதில்லை என்று நான் எண்ணிக்கொண்டேன்.

பட்டியலை எழுத்தரிடம் நீட்டினார்கள். அவர் ஸ்கேலை வைத்து, சிவப்புப் பேனாவை எடுத்தார். மேசையின் இந்தப் பக்கம் நின்ற எங்களுக்குப் பட்டியல் தலைகீழாகத் தெரிந்தது. எனக்குச் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது.

"தம்பி, நில்லுங்க" என்றார் அக்கா எழுத்தரிடம்.

மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். அதிகாரியும் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"ஸ்கேலு ஒரு வரி கீழ எறங்கிடுச்சி. அது எங்க பக்கத்து வூட்டு ராசாத்தி. அந்தப் பொண்ணுக்கு ஓட்டு இருக்கு. மேல வைங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அதான் நான்."

எழுத்தர் ஸ்கேலை ஏற்றி வைத்தார். அக்கா குனிந்து, விரலால் ஸ்கேலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார், நழுவாமல் இருக்க. கோடு விழுந்து முடியும் வரை விரலை எடுக்கவில்லை.

நான் வரலாறு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். கோட்டைகளையும் போர்களையும் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஸ்கேலின் மேல் இருந்த அந்த விரலைப் பற்றி எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பசை காய்ந்து நகத்தோரம் வெளுத்த விரல்.

வெளியே வந்ததும், "டீ குடிக்கலாமா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"குடிக்கலாம். இப்ப நடுநெலம கெடாது" என்றார்.

நூறு மீட்டர் கோடு

வாக்குப்பதிவு நாளில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால், நூறு மீட்டர் தூரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். வயதானவர்கள் கைப்பிடித்து வந்தார்கள். என் வயதுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் மாதிரி. நகராட்சிக்கு ஓட்டுப் போட்ட அனுபவம் எங்களில் யாருக்கும் இல்லை.

நான் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம், சரியாக ஓர் அடி தள்ளி, ஜுலைகா அக்கா நின்றிருந்தார். எங்கள் குழுவின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பட்டியலில் வரிசை எண் தெரியாமல் திணறுகிறவர்களுக்குத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் இடது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"எதுக்கு கைய ஒளிக்கறீங்க? எதனா களவாண்டீங்களா?"

"இல்லக்கா, சும்மா."

"எடுங்க."

எடுத்தேன். என் விரலைப் பிடித்து, வெயிலுக்குத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தார். தன் பெருவிரலால் மையை ஒருமுறை அழுத்தித் தேய்த்தார். ஒட்டவில்லை. காய்ந்திருந்தது.

"நல்லா கருப்பா வெச்சிருக்காங்க" என்றார். "சீக்கிரம் போவாது."

விரலை விட்டார். பிறகு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சரி, வழிய வுடுங்க தம்பி. பின்னாடி ராசாத்தி வருது, பாருங்க" என்றார்.

நான் ஒதுங்கி நின்றேன்.